அப்பாவின் காயத்துக்குச் சரியான தேதி வாங்கித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் எட்டே வரி. என் அப்பாவின் ராணுவப் பணி ஆவணத்தில் '19 டிசம்பர் 1971, பணியின்போது விபத்து' என்று இருந்த பதிவை நீக்கி, '15 டிசம்பர் 1971, எதிரியின் பீரங்கித் தாக்குதலில் காயம்' என்று திருத்திவிட்டதாக அதில் எழுதியிருந்தது. அப்பாவுக்கு 75 வயது. காது மந்தம். சத்தமாகப் படிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை முடித்ததும், "தேதியை மட்டும் இன்னொரு தரம் படிம்மா" என்றார்.

இந்த எட்டு வரிக்காக உழைத்தவர்கள் பலர். உங்களில் பாதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780-இல் தொடங்கிய ராணுவப் பொறியாளர் படை. தலைமையிடம் பெங்களூரில் இருக்கிறது. மற்ற ரெஜிமென்ட்காரர்கள் இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வது வழக்கம். அப்பா 1968-இல் பதினெட்டு வயதில் சேர்ந்தார்.

சண்டையில் காலாட்படையும் டாங்கிகளும் போக வழி போட்டுக் கொடுப்பது சாப்பர்களின் வேலை. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில், மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றின் கரையில் எதிரி கண்ணிவெடிகளை விதைத்து வைத்திருந்தான். 15-ஆம் தேதி இரவு அதற்குள் டாங்கிகளுக்குப் பாதை திறக்க வேண்டும். மண்ணைக் கம்பியால் சாய்வாகக் குத்திப் பார்த்து, தட்டுப்பட்டதைக் கையால் தோண்டி எடுத்து, சுத்தமான பாதையின் இரு ஓரங்களிலும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே முன்னே போக வேண்டும். பீரங்கிக் குண்டுகள் அந்தப் பாதையைக் குறிவைத்தே விழுந்துகொண்டிருந்தன. அப்படி விழுந்த ஒன்றின் சில்லுகள் அப்பாவின் வலது தொடைக்குள் போயின. பாதை முழுதும் திறப்பதற்கு முன்பே பூனா ஹார்ஸ் என்ற நம் டாங்கிப் படையின் டாங்கிகள் கண்ணிவெடிக்குள் துணிந்து இறங்கிவிட்டன. அந்தச் சத்தத்தை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கேட்டதாக அப்பா சொல்வார். மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையில்தான் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் வீரமரணம் அடைந்தார். பரம்வீர் சக்கரம் பெற்றவர். அவருக்கு 21 வயது. அப்பாவுக்கும் அப்போது அதே வயதுதான்.

மேற்கு முனையில் 17-ஆம் தேதி இரவு 8 மணிக்குச் சண்டை நின்றது. அப்பா முகாம் முகாமாக மாற்றப்பட்டு 19-ஆம் தேதிதான் பெரிய மருத்துவமனை ஒன்றைச் சென்றடைந்தார். அங்கே யாரோ, வந்து சேர்ந்த தேதியையே காயம்பட்ட தேதியாக எழுதிவிட்டார்கள். 19-ஆம் தேதி சண்டையே இல்லை. சண்டை இல்லாத நாளில் பட்ட காயத்தை விபத்து என்று எழுதுவதில் யாருக்கும் தயக்கம் வரவில்லை. தேதி தவறியதோடு காரணமும் தவறிப்போனது. காயம்பட்டவர்கள் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம் அது. அதை எழுதிய கைமேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை.

1986-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அந்த வரியை அப்பா பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. 1971 போருக்காகக் கிடைத்த பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் பதக்கம் இரண்டையும் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார். அந்தப் புத்தகத்தைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார். காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதைப் பார்த்து ஊரில் யாராவது "போரில் பட்டதா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார். அதற்குமேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒன்றை இங்கே எழுதாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. என் இருபதாவது வயதில் அந்தப் புத்தகம் என் கண்ணில் பட்டது. "விபத்துதானேப்பா? ஏன் போர் என்று சொல்கிறீர்கள்?" என்று நானே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அதனால் என் முதல் நன்றி அந்த எக்ஸ்ரே தம்பிக்கு. 2019-இல் அப்பாவுக்கு இடுப்புவலி என்று எம்ஆர்ஐ எடுக்க அழைத்துப் போயிருந்தேன். 'உடலுக்குள் உலோகம் ஏதும் உண்டா?' என்ற கேள்விக்கு, டிஸ்சார்ஜ் புத்தகத்தை நம்பி 'இல்லை' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தம்பி தொடைத் தழும்பைப் பார்த்தார்; முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுவோம் என்று பிடிவாதமாகச் சொன்னார். படத்தில் எலும்பை ஒட்டி மூன்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்று அரிசி அளவு, ஒன்று துவரம்பருப்பு அளவு. மூன்றாவது வெட்டிய நகத்துண்டு போல வளைந்திருந்தது. "கீழே விழுந்து அடிபட்டவர் காலுக்குள் இரும்பு எப்படி வந்தது அக்கா?" என்று கேட்டார். காந்தத்துக்குள் அப்பாவை அப்படியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. படத்தை அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அன்று பஸ்ஸில் வரும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்விக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்து, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருந்த அம்மா. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். முதல் விண்ணப்பத்தை எழுத உதவியவர் அவர்தான். அதற்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஒன்றரை ஆண்டு கழித்து வந்த பதில், காலம் கடந்த கோரிக்கை, ஆதாரம் இல்லை என்பதுதான். நான் சோர்ந்துபோனேன். அந்த அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எங்கே தேடினோம் என்று எழுதவில்லையே. அதைக் கேளுங்கள்" என்றார். தேநீர் வாங்கித் தந்து, பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

எங்கே தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர், காட்பாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா. ராணுவ அலுவலகத்தில் எழுத்தராகவே பணி முடித்தவர். "லீவு, கல்யாணம், பிள்ளை பிறந்தது, காயம் எதுவானாலும் பார்ட் டூ ஆர்டர் என்னும் பதிவு ஆணையில் ஏறாமல் ராணுவத்தில் ஒன்றும் நடக்காது. மருத்துவமனைத் தாள் ஒன்று சொன்னால், யூனிட் தாள் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்" என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு மனுவுக்கும் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து, அவருடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆறு மனுக்கள் எழுதினோம். ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் கேட்க வேண்டும் என்பார். நான் கோபத்தில் எழுதிய வரிகளை எல்லாம் பென்சிலால் அடித்துவிடுவார். இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரியும். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த சிப்பாய்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்து அழித்துவிடுவது விதி. அப்பா பென்ஷன்தாரர் என்பதால் அவருடைய தாள்கள் பிழைத்திருந்தன. பிழைக்காத தாள்களுக்கு உரியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆவணம் தேடும்போதே ஆளையும் தேட வேண்டியிருந்தது. காயம்பட்ட இரவு பக்கத்தில் இருந்தவர் கோலார் தங்கவயல்காரர் என்பது மட்டும் அப்பாவுக்கு நினைவு இருந்தது. வீடு சாம்பியன் ரீஃப் பக்கம். காட்பாடியிலிருந்து பங்காருபேட்டை போய், அங்கிருந்து மாரிக்குப்பம் ரயிலில் ஏறினோம். சுரங்கம் 2001-இல் மூடிய பிறகு எத்தனையோ குடும்பங்கள் இடம் மாறிவிட்டன. வரிசை வீடுகளுக்கு இடையே மூன்று மணி நேரம் எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்த ஆட்டோ ஓட்டுநரே, நீங்கள் பாதிக் காசுதான் வாங்கினீர்கள். "மிலிட்டரிக்காரரைத் தேடி மிலிட்டரிக்காரர் வந்திருக்கிறார், இதற்கு மீட்டரா?" என்றீர்கள். அதை அப்பா இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோலார் பெரியப்பா கதவைத் திறந்து அப்பாவைப் பார்த்தார். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை. அப்பா இரண்டு அடி நடந்ததும் "காலு!" என்று கத்திவிட்டார். பாதை குறிக்க வைத்திருந்த வெள்ளை நாடாவையே அறுத்துத் தொடையில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தியவர் அவர். எங்களுக்கு இது தெரியாது. அப்பாவுக்குமே அரைமயக்கத்தில் நினைவில்லை. "நாடா கட்டிய ராத்திரிதான் உன் அப்பனுக்குப் பட்டது. மறுநாள் டாங்கிச் சண்டை. அதற்கு மறுநாள் இரவு சண்டை நின்றுவிட்டது. நாள் எனக்குத் தப்பாது" என்றார். நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது கை நடுங்கியது. பேனாவை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்துப் போட்டார். பாலக்காட்டு அண்ணன் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் அவரே கொடுத்தார். அவரும் தம் மகன் மூலம் எழுதி அனுப்பினார். இரு பிரமாணப் பத்திரங்களிலும் ஒரே தேதி.

மூன்றாவது சாட்சி எங்கள் வீட்டிலேயே இருந்தது. பாட்டியின் டிரங்குப் பெட்டியை எறியக் கூடாது என்று இத்தனை ஆண்டுகள் சண்டைபோட்ட என் அம்மாவுக்கு நான் என்ன நன்றி சொல்வது! அதற்குள், பழைய பட்டுப்புடவை மடிப்பில், அப்பா மருத்துவமனையிலிருந்து பாட்டிக்கு எழுதிய இன்லேண்டு லெட்டர் இருந்தது. 24.12.71 என்று மேலே தேதி. 'பதினைந்தாம் தேதி ராத்திரி காலில் கொஞ்சம் அடி. பயப்பட வேண்டாம். மணியார்டர் வந்ததா?' பென்ஷனும் வழக்கும் யார் நினைப்பிலும் இல்லாத நாளில், ஒன்பதே நாள் கழித்து எழுதிய வரி.

இவ்வளவும் சேர்த்து அனுப்பிய பிறகும், யூனிட் அனுப்பிய காயம்பட்டோர் பட்டியலில் அப்பாவின் ஆர்மி நம்பர் இல்லை என்றே பதில் வந்தது. முகம் தெரியாத அந்த எழுத்தர் ஐயா, அங்கேதான் நீங்கள் கோப்பை மூடிவிடாமல் இருந்தீர்கள். நம்பரை விட்டுவிட்டுப் பெயரையும் ஊரையும் வைத்துப் பட்டியலை வரிவரியாகப் பார்த்திருக்கிறீர்கள். அப்பாவின் பெயர் இருந்தது, 15-ஆம் தேதி இருந்தது, 'போரில் காயம்' என்றும் இருந்தது. நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இடம் மாறித் தட்டச்சாகியிருந்தன. அதனால்தான் அந்தத் தாள் அப்பாவின் கோப்போடு சேரவே இல்லை. இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் குரலிலும் மகிழ்ச்சி இருந்தது. பெயர் கேட்டேன், "அதெல்லாம் வேண்டாம், அப்பாவிடம் சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டீர்கள். சொன்னேன் ஐயா.

சென்னையிலிருந்து கட்டணம் வாங்காமல் மனுவைச் சரிபார்த்துத் தந்த வழக்கறிஞருக்கும், ஆங்கிலக் கடிதங்களை நள்ளிரவில் தட்டச்சு செய்து தந்த என் வங்கித் தோழிக்கும், அலைச்சல் நாள்களில் கேட்டபோதெல்லாம் விடுப்புக் கொடுத்த எங்கள் மேலாளருக்கும் நன்றி.

இதனால் பணம் வருமா என்று பலர் கேட்டார்கள். வரும். பணியில் ஏற்பட்ட விபத்து ஊனத்துக்குத் தரும் விகிதத்தைவிட, ஓய்வு பெறும்வரை பணியில் இருந்தவரின் போர்க்காயத்துக்குத் தரும் விகிதம் இருமடங்கு. அதற்கான தாள்கள் தனியாகப் போயிருக்கின்றன. பராக்கிரம் பதக் என்னும் காயப் பதக்கத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். வாங்கித்தான் தீருவேன். ஆனால் அப்பா இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு நாளும் அவற்றைப் பற்றிக் கேட்டதில்லை. "அந்த 'விபத்து' போய்விட்டதா?" என்பதை மட்டும்தான் கேட்பார்.

ஒரு விஷயத்தை எழுதச் சொல்லி அப்பாவே கட்டளையிட்டார். சண்டை நின்ற பிறகும் வயல்களில் கண்ணிவெடி எடுக்கப் போய்க் காலை இழந்த சாப்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காயம் தம் காயத்தைவிடச் சிறியது என்று யாரும் இதைப் படித்து நினைத்துவிடக் கூடாது என்றார்.

வரும் டிசம்பர் 15 இரவு எங்கள் வீட்டில் சாப்பாடு. கோலார் பெரியப்பாவைக் காரில் அழைத்து வர என் தம்பி போகிறான். பாலக்காட்டு அண்ணன் பயணம் செய்யும் நிலையில் இல்லை. அன்று அவரோடு தொலைபேசியில் பேச நேரம் குறித்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் காது கேட்காது, சென்ற முறை நாற்பது நிமிடம் தெரு முழுக்கக் கேட்கும்படி பேசினார்கள். எக்ஸ்ரே தம்பி, நல அலுவலக அம்மா, சுபேதார் ஐயா, ஆட்டோ அண்ணன், எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். தொலைபேசியில் பேசிய எழுத்தர் ஐயா, நீங்கள் வந்தால் பெயர் கேட்க மாட்டோம். வாசலில் விளக்கு எரியும்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஹவில்தாரின் மூத்த மகள்
வேலூர் மாவட்டம்