பேத்தியின் பற்பசை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. பேரனின் முன்பற்களில் திட்டு விழுந்துவிட்டது, சின்னவளுக்காவது ஃப்ளூரைடு இல்லாத பேஸ்ட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்க ஆளைப் பார்த்தாயே! நாற்பது வருஷம் உமிக்கரியும் உப்பும் போட்டுப் பல் விளக்கியவன் நான். போன மாதம் சில்வர் பீச்சில் குச்சி ஐஸைக் கடித்ததும் மண்டை வரை விண்ணென்று தெறித்தது. பல் டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கோரைப்பல்லின் ஈறோரத்தில், நகம் மாட்டும் ஆழத்துக்கு ஒரு வெட்டு. அரத்தால் ராவியது போல. ராவியது நானேதான்.

உன் கேள்வியையும் அவரிடமே கேட்டேன். பல்லின் மேலோடான எனாமலில் பெரும்பங்கு ஹைட்ராக்சிஅபடைட் என்கிற கால்சியம் பாஸ்பேட். வாயில் அமிலம் ஏற ஏற இறங்கும் பி.எச். என்ற அளவு 5.5க்குக் கீழே போனால் அது கரையும். பிறகு உமிழ்நீர் கால்சியம் கொண்டுவந்து ஒட்டுப்போடும். ஒட்டு நிற்க ஃப்ளூரைடு துணை. ஃப்ளூரைடு வேண்டாமென்றால், எனாமலில் இருக்கும் அந்த ஹைட்ராக்சிஅபடைட்டையே நுண்துகளாக்கிச் சேர்த்த பேஸ்ட் இருக்கிறது. ஜப்பானில் 1980 முதல் விற்கிறார்கள். 1993இல் சொத்தையைத் தடுக்கும் பொருள் என்று அங்கீகாரமும் கொடுத்துவிட்டார்கள். ஃப்ளூரைடு அளவுக்கு நீண்ட சோதனை கண்டதில்லை, ஆனாலும் மாற்று என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். சில பேஸ்ட்டில் போடும் சைலிட்டால் சொத்தைக் கிருமிக்குத் தீனியாகாத இனிப்பு, அவ்வளவே. கரிப்பொடி பேஸ்ட் கண்ணில் பட்டால் என் கோரைப்பல்லை நினைத்துக்கொள்.

எனக்கென்னவோ பேஸ்ட்டின் மேல் சந்தேகமில்லை, தண்ணீரின் மேல்தான். பல் உருவாகும் வயதில் ஃப்ளூரைடு அளவுக்கு மீறி உள்ளே போனாலும் பல்லில் திட்டு விழும். தருமபுரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறாயே! ஒகேனக்கல் தண்ணீரை உங்கள் பக்கம் கொண்டுவந்ததே நிலத்தடி நீரின் ஃப்ளூரைடுக்காகத்தான். மருமகள் சமையலுக்கு இன்னும் போர் தண்ணீர்தான் பிடிக்கிறாளா? ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. காய்ச்சினாலும் போகாது; வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். சின்னவளுக்கு ஐந்து வயது, நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளே உருவாகும் பருவம். இந்த வாரமே தண்ணீரைச் சோதனைக்குக் கொடு. பேஸ்ட் எதுவானாலும் பட்டாணியளவு போதும், துப்பப் பழக்கு. விளம்பரத்தில்தான் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவார்கள்.

பண்ருட்டிப் பலா வரத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. பீச்சில் ஐஸ் நீங்கள் சாப்பிடுங்கள், நான் சுண்டலோடு உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
ராமு