லீவு முடிந்து கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நீ சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் முழுங்கினாய். என்ன மாத்திரை என்று கேட்டேன். “வைட்டமின்ணே” என்றாய். எனக்கு அந்த அட்டை தெரியும். 17 வருஷமாக நானும் அதே வைட்டமினைத்தான் சாப்பிடுகிறேன். லித்தியம்.

நேரில் பேச்செடுத்தால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாய், அதனால் எழுதுகிறேன். உன் பெயர், ஊர், யூனிட் எதுவும் இதில் வராது. பொதுவில் எழுதக் காரணம் உண்டு. நம் பக்கம் தெருவுக்கு ஒரு மிலிட்டரிக்காரன் இருக்கிறான். அவர்களில் வைட்டமின் சாப்பிடுகிறவன் இன்னொருத்தன் இருந்தால் அவனும் படிக்கட்டும். உன் கதை உன்னோடு இருக்கட்டும், என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு 26 வயதில் பைபோலார் வந்தது. மனசு ஒரேயடியாக எகிறுவதும், பிறகு அடியோடு சரிவதுமாக மாறி மாறி வரும் வியாதி. பட்டாளத்தில் பைபோலாரின் ஆரம்பம் வியாதி மாதிரியே இருக்காது. அதற்கு அங்கே ஜோஷ், அதாவது உற்சாகம், என்று பெயர். மூன்று மணி நேரத் தூக்கம் எனக்குப் போதுமாக இருந்தது. மற்றவன் நைட் டியூட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பி.டி.யில் முதல் ஆள் நான்தான். சுபேதார் சாப் எல்லாருக்கும் முன்னால் முதுகில் தட்டிக்கொடுத்தார். மூன்றாவது வாரம் அதே சுபேதார் சாபுக்கு, கம்பெனியை எப்படி நடத்த வேண்டும் என்று நான் பாடம் எடுத்தேன். அப்புறம் லீவில் வந்து, இருந்த பணத்தில் முப்பது ஆடு வாங்கினேன். மேய்க்க ஆள் கிடையாது, கட்ட இடம் கிடையாது. லீவு முடிந்து பத்து நாள் கழித்துத்தான் யூனிட்டுக்குத் திரும்பினேன். சர்வீஸ் ஏட்டில் தண்டனைக் குறிப்பான ரெட் இங்க் என்ட்ரி விழுந்தது. வியாதி என்று யாருக்கும் தோன்றவில்லை, திமிர் என்றுதான் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து இறங்குமுகம். பூட்ஸ் லேஸ் கட்டக் குனிந்தால் நிமிர மனசு வராது. அடுத்த லீவில் வீட்டில் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் கிடா வெட்டினார்கள். கறி நன்றாக இருந்தது, மற்றபடி மாற்றமில்லை. பிறகு மதுரையில் ஒரு டாக்டரிடம் போனேன். சோர்வை மட்டும் சொன்னேன், ஆட்டுக்கதையைச் சொல்லவில்லை. அது எப்படி வியாதி ஆகும்? என் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த மாதம் அதுதானே! அவர் சோர்வுக்கு மட்டும் மாத்திரை எழுதினார். பைபோலார்காரன் அதைத் தனியாகச் சாப்பிட்டால் சில சமயம் தலைகீழாக எகிறிவிடும். எனக்கு எகிறியது. இரண்டாவது முறை வீட்டார் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் லித்தியத்துக்கு வந்தோம்.

இந்த லித்தியத்துக்கும் பட்டாளத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஜான் கேட் என்று ஆஸ்திரேலிய ராணுவ டாக்டர் ஒருவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் பிடித்து, சிங்கப்பூர் சாங்கியில் மூன்று வருஷத்துக்கு மேல் கைதியாக வைத்திருந்தான். நம் ஊர்த் தாத்தாக்கள் நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்த அதே சிங்கப்பூர், அதே காலம். ஊர் திரும்பிய அந்த மனுஷன்தான் 1949-இல், இந்த வியாதியின் எகிறலை லித்தியம் அடக்குகிறது என்று எழுதினார். நீ ஒளித்து வைத்து முழுங்குவது ஒரு பட்டாளத்து டாக்டர் கண்டுபிடித்த வைத்தியம்.

நானும் ஒளித்தேன், மூன்று வருஷம். இப்போது நடந்ததைக் கேள். ராஜஸ்தானில் போர்ப் பயிற்சி எக்சர்சைஸ், மே மாதம். முட்டி வீங்கி, யூனிட்டில் டாக்டர் பார்க்கும் எம்.ஐ. ரூமுக்குப் போனேன். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார்கள். இல்லை சாப் என்றேன். வலி மாத்திரை கொடுத்தார்கள், மூன்று நாள் போட்டேன். கை நடுங்கியது, நாக்கு குழறியது, குடிகாரன் மாதிரி நடை. கூட இருந்தவர்கள் ரம் என்றே நினைத்தார்கள். வாந்தி எடுத்து விழுந்த பிறகு ராணுவ ஆஸ்பத்திரி எம்.எச்.சுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

லித்தியம் உப்பு வகையறா, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். வேர்த்துக் கொட்டி உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். ஐபுபுரோஃபென், டைக்குளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6-இலிருந்து 1 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் விஷம். எனக்கு 2-க்கு மேல் இருந்தது. மாத்திரையை யாருக்கும் தெரியாமல் முழுங்கிவிடலாம் தம்பி. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சிறுநீரகச் சோதனை எல்லாம் யாருக்கும் தெரியாமல் எத்தனை வருஷம் செய்வாய்?

சரி, சொன்னால் என்ன ஆகும் என்றுதானே பயம். பொய் சொல்ல மாட்டேன், இழப்பு உண்டு. பட்டாளத்தில் ஆளின் மருத்துவத் தகுதியை அளக்கும் ஷேப் என்பதில் முதல் எழுத்தான எஸ் மனசுக்கானது, அதில் தரம் குறையும். முதலில் தற்காலிகமாகக் குறைத்து, 24 வாரம் கழித்து மறுபடி மெடிக்கல் போர்டு பார்ப்பார்கள். யூனிட்டின் தலைமை அதிகாரி சி.ஓ.விடமிருந்து உன்னைப் பற்றி அறிக்கை போகும். எனக்கு ரைஃபிளை நிறுத்தினார்கள், சென்ட்ரி டியூட்டியை நிறுத்தினார்கள். எல்லாரும் துப்பாக்கிக் கிடங்கான கோத்தில் வரிசையில் நிற்க நான் மட்டும் ஸ்டோருக்குப் போன முதல் நாள் அழுகை வந்தது. ஹவில்தார் ஆகவேண்டியவன், ஆகவில்லை. ஆனால் ஸ்டோர் கணக்கு எழுதியே 17 வருஷ சர்வீஸ் முடித்துப் பென்ஷனோடு வந்தேன். எஸ்ஸில் கடைசித் தரமான எஸ்-5 போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

அப்படி அனுப்பினால்கூட இயலாமைப் பென்ஷன் கேட்க வழி இருக்கிறது. சேரும்போது காகிதத்தில் இல்லாத வியாதி பிறகு வந்து, அதற்காக வெளியே அனுப்பினால், அது சர்வீஸால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்றால் ராணுவம்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது. 2023-இல் பென்ஷன் விதிகளைத் திருத்திவிட்டார்கள், அதனால் தெரிந்த வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எதற்கும் காகிதம் வேண்டும். நீ ஒளிக்கிறவரை யூனிட் காகிதத்தில் உன் வியாதி பிறக்கவே இல்லை, ரெட் இங்க் மட்டும்தான் பிறந்திருக்கும்.

வியாழக்கிழமை கிளம்புகிறாய். இதைப் படித்த கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்தினால் எகிறல் சீக்கிரம் திரும்பும். டாக்டர் சீட்டு, கடைசி ரத்த ரிப்போர்ட் இரண்டையும் ஒரு கவரில் போட்டு வை. யூனிட் போனதும் கோத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யூனிட் டாக்டர் ஆர்.எம்.ஓ.விடம் போ. “சாப், மேரா இலாஜ் சல் ரஹா ஹை”, எனக்கு வைத்தியம் நடக்கிறது, என்று கவரை நீட்டு, மீதியைக் காகிதம் பேசும். ராத்திரியில் மனசு ஒரு மாதிரி ஆனால், செத்துவிடலாம் என்று தோன்றினால், பக்கத்துக் கட்டிலில் இருப்பவனை எழுப்பு. 14416-க்கும் போடு, டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். பட்டாளத்துக்காரர்களுக்கென்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதன் பிரிவு ஒன்றையும் தொடங்கியிருக்கிறார்கள்.

மதுரை ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று கவலைப்படாதே, நான் பேசிக்கொள்கிறேன். தண்ணீர் பாட்டில் பெரியதாக இரண்டு எடுத்துக்கொள், நாக்பூர் தாண்டும்வரை வெயில் கொன்றுவிடும்.

அன்புடன்,
அண்ணன்