ஃபிக்ஸ்பரி மண்கோட்டையைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு வடகிழக்கே உள்ள ஃபிக்ஸ்பரி ரிங் என்ற இரும்புக்கால மண்கோட்டையை எங்கள் குடும்பம் நிதானமாகச் சுற்றிப் பார்க்க முடிந்தது உங்களால்தான். ஸ்டோன்ஹெஞ்ச் போகிற கூட்டத்தில் இந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. அது எனக்கு வருத்தம்தான்.

முதல் நன்றி, கூடவே நடந்துவந்த உள்ளூர் வரலாற்று ஆர்வலரான பெரியவருக்கு. ஐயா, நீங்கள் வராவிட்டால் புல் மூடிய மேடும் பள்ளமும் என்று பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்போம். வழக்கமாகக் கோட்டையின் மண்கரைக்கு வெளியேதான் அகழி இருக்கும். இங்கே உள்ளேயும் ஓர் அகழி ஓடுகிறது, அதற்கென்று கரையே இல்லை. அப்படியானால் தோண்டிய மண் எங்கே போனது என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் யோசித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றீர்களே, அதை மறக்க மாட்டேன். 1924-இல் இங்கே அகழாய்வு செய்த மாட் கன்னிங்டனும் அவர் கணவரும், அந்தச் சுண்ணப்பாறை மண் வெளிக்கரையை உயர்த்தப் பயன்பட்டது என்று கருதினார்கள். உள் அகழி கோட்டையைவிட மிகப் பழையது, புதிய கற்காலச் சடங்கு வட்டமாக இருக்கலாம் என்பது பின்னால் வந்த கருத்து. என் மனசு இதன் பக்கம்தான் சாய்கிறது. வெறும் மண்ணுக்காக என்றால் கரையை ஒட்டியே வெட்டியிருப்பார்களே, இவ்வளவு தள்ளி வெட்டி ஏன் சுமக்க வேண்டும்?

அப்புறம், லைடார் படத்தை அச்சிட்டுத் தந்த அலுவலக நண்பருக்கு. விமானத்திலிருந்து லேசர் வீசி அளந்த அந்த உயரத் தரவை இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை யாருக்கும் இலவசமாகவே தருகிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏற்ற இறக்கம்கூட அதில் நிழலாக விழுந்திருந்தது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததால்தான் உள் அகழியின் முழு வளைவும் எங்களுக்குப் பிடிபட்டது.

முட்டிவலியோடு வந்த அம்மாவின் கையைப் பிடித்து நடந்த அக்கா, உங்களுக்குத் தனியாக நன்றி. கிழக்கு வாசலையும் மேற்கு வாசலையும் அம்மா பார்த்துவிட்டார்.

இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்டுக்கும், புதர் வெட்டும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம். முள்ளும் மரமும் வேர்விட்டால் கரை உள்ளுக்குள்ளேயே உடைந்துவிடும் என்பதால் இது சின்ன வேலை இல்லை.

பிரிட்டன், அயர்லாந்து குன்றுக்கோட்டை அட்லஸில் 4,147 இடங்கள் இருக்கின்றன. அடுத்தது எது என்று பெரியவர்தான் சொல்ல வேண்டும். வெயில் சாய்வாக விழுந்து மேடுபள்ளம் நிழலாகத் தெரியும் குளிர்காலத்தில் கூப்பிடுங்கள் ஐயா, வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
ரெடிங்கிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்