குடியாத்தம் தம்பியின் 8 பக்கம்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள மல்லிகா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இதுதான் பதில். கோபம் இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். உன் புது இதழ் வாலாஜா அக்காவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லையாம், கவனி.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. நாமே எழுதி, ஒட்டி, செராக்ஸ் எடுத்துச் செய்கிற சிறு இதழ்களை, அதாவது நம் ஜீன்களை, கொண்டுவந்து வைக்கிற டிசம்பர் சந்திப்பில் மேசை போட இனி தேர்வு வைக்கவேண்டும் என்கிறார்கள். மாதிரிப் பிரதியை முன்கூட்டியே அனுப்பணுமாம். மூன்று பேர் பார்ப்பார்களாம், தரமாக இருந்தால் இடமாம். மேசைக்கு 200 ரூபாய் கட்டணம் வேறு. உன் பழைய கூட்டாளிதான் இதற்கு முன்னால் நிற்கிறான். நீ சொன்னால்தான் கேட்பான்.

காரணமாகக் காட்டுவது குடியாத்தம் தம்பியின் முதல் ஜீனை. தீப்பெட்டிப் படங்களைப் பற்றி 8 பக்கம். நாலு பக்கம் தலைகீழ், ஓரத்தில் பாதி எழுத்தைக் காணோம். "இதையெல்லாம் எப்படி மேசையில வைக்கிறது" என்று தம்பி காதில் விழும்படியே பேசினார்கள். அவன் பையை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அப்படி என்ன பெரிய பிழை? ஒற்றை ஏ4 தாளில் 8 பக்கம் செய்கிற எல்லோரும் முதலில் தடுக்குகிற இடம்தானே அது. தாளை எட்டுக் கட்டமாக மடித்துப் பிரித்து அகலவாக்கில் வைத்தால் கீழ் வரிசை இடமிருந்து 6, 7, 8, 1. மேல் வரிசை 5, 4, 3, 2, அந்த நாலையும் தலைகீழாக எழுதவேண்டும். அவன் நேராக எழுதிவிட்டான். நீளவாக்கு மடிப்பில் நடு இரண்டு கட்டங்களின் அளவுக்கு மட்டும் கீறவேண்டும் என்பதைச் சரியாகவே செய்திருக்கிறான். ஓரம் போனதற்குக் காரணம் செராக்ஸ் மெஷின். தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டரை அது எடுக்காது. சுற்றிலும் 1 செ.மீ. விட்டிருந்தால் தீர்ந்தது. ஒட்டிய படங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. வெட்டின விளிம்பின் நிழல் அது, அசலில் ஒயிட்னர் தடவினால் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் காட்டிக்கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் மனசைப் போட்டு அறுக்கிறது.

இந்த ஜீன் உலகமே கடிதத்தில் பிறந்தது, மல்லிகா. அமெரிக்காவில் அறிவியல் புனைகதைப் பத்திரிகைகள் வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டன. அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவர்கள்தான் 1930இல் சிகாகோவிலிருந்து முதல் ரசிகர் இதழைக் கொண்டுவந்தார்கள். காசில்லாதவனும் இதழ் வாங்க அவர்களிடம் வழி இருந்தது: உன் இதழை அனுப்பு, அல்லது படித்துவிட்டு ஒரு கடிதம் எழுது, அல்லது ஒரு படைப்புக் கொடு. அந்தச் சிநேகம் இப்படிக் கொடுக்கல் வாங்கலில் வளர்ந்தது. அங்கேயும் வாசலை மூடினார்கள். ரசிகர் இதழ்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் சங்கத்தை 1937இல் தொடங்கிய டொனால்ட் வோல்ஹைமையே, 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் உள்ளே விடவில்லை. மொத்தம் ஆறு பேரை வாசலோடு நிறுத்தினார்கள். கோஷ்டிச் சண்டை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த மாநாட்டைப் பற்றிப் பேசினால் அந்த ஆறு பேரும் பேச்சில் வந்துவிடுகிறார்கள்.

கட்டணத்தையும் கணக்குப் போட்டுப் பார். ஏ5 அளவில் 16 பக்கம் என்றால் 4 தாள், 8 முகம். முகத்துக்கு ஒரு ரூபாய் என்றால் பிரதிக்கு 8. கலர்த்தாள் அட்டை, அதன் நகலோடு 3. ஆக 11 ரூபாய், 50 பிரதிக்கு 550. அதில் 15 பிரதி மற்றவர்கள் இதழோடு மாற்றிக்கொள்ள, 5 எழுதியவர்களுக்கு. மீதி 30ஐயும் 20 ரூபாய்க்கு விற்றுத் தீர்த்தால் 600. கையில் நிற்பது 50 ரூபாய், அது தபால் தலைக்கு. இதில் 200 கட்டு என்றால் எதைக் குறைப்பான்? மாற்றுப் பிரதியைத்தான். அது போய்விட்டால் நாம் நடத்துவது வெறும் கடைத்தெரு. அதற்கு லாங்கு பஜார் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆறடி மேசைக்கு இரண்டு பேர், புதியவர் பக்கத்தில் பழையவர். இரண்டு புதியவர்களை ஒன்றாகப் போட்டால் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மேசை பழகுவதற்கென்றே இருக்கட்டும்: கத்தரி, ஸ்கேல், ஒயிட்னர், நீள ஸ்டேப்ளர், பக்க எண் போட்டு மடித்துவைத்த மாதிரித் தாள்கள். ஸ்டேப்ளர் எட்டாவிட்டால் செருப்பு தைப்பவர் வைத்திருக்கிற குத்தூசியால் இதழின் மடிப்பில் மூன்று துளை போட்டு நூல் கோர்க்கலாம். அடுத்தது பேச்சு. முதல் இதழோடு வருகிறவரிடம் முதலில் உள்ளே இருக்கிற விஷயத்தைப் பற்றிக் கேட்கவேண்டும். "இந்த லேபிள் எங்க கிடைச்சது?" போதும். மடிப்பையும் மையையும் பற்றி அவராகக் கேட்டால் தாளைக் கையில் எடுத்துக் காட்டவேண்டும். நன்றாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்து அனுப்புவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அதைச் சொல்ல இதழைத் திறக்கவே வேண்டாம். எந்தப் பக்கத்தில் கண் நின்றது என்று சொன்னால்தான் படித்தோம் என்று அர்த்தம். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

மாதக் கடைசியில் முடிவெடுக்கிறார்களாம். அதற்குள் உன் கூட்டாளிக்கு எழுதிவிடு. நீ முதல் இதழ் கொண்டுவந்தபோது காட்பாடி வாத்தியார் என்ன செய்தார் என்பதை ஞாபகப்படுத்து, அது போதும்.

தம்பியின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். 3ஆம் பக்கத்தைத் திருப்பிப் பிடித்துப் படி. ஒரே புலி, மூன்று லேபிள், மூன்றிலும் நிறம் வெவ்வேறு பக்கம் விலகி அச்சாகியிருப்பதை வரிசையாக ஒட்டிக் கீழே குறிப்பு எழுதியிருக்கிறான். முகவரி பின்னட்டையில் இருக்கிறது. அவனுக்கு இந்த வாரமே எழுது, உன் இதழையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
சுமதி