பீர் ஆய்வுமுறைகளைக் காக்கும் தன்னார்வலர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீர் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருகிறேன். அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் புரூயிங் கெமிஸ்ட்ஸ் என்னும் தொழில்முறைச் சங்கத்தில் ஊதியம் எதுவும் பெறாமல் உழைத்துவரும் தன்னார்வலர்களுக்கும், அதன் பொறுப்புகளை ஏற்று நடத்துவோருக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நன்றி சொல்ல விரும்பி இக்கடிதத்தை எழுதுகிறேன். மது அருந்துவது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதில் வாசகர்கள் பலருக்கும் உறுதியான கருத்து இருக்கும் என்பதை அறிவேன். நான் பேச வந்தது அளவைப் பற்றி. ஆய்வக அறிக்கையில் எழுதப்படும் ஓர் எண்ணை எதை வைத்து நம்புகிறோம் என்பதைப் பற்றி.

அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் 1933 டிசம்பரில் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1934இல், இந்தச் சங்கம் தோன்றியது. காலம் பொருத்தமானதுதான். பீர் காய்ச்சப் பயன்படும் முளைகட்டிய தானியமான மால்ட்டை விற்பவரின் ஆய்வகம் ஓர் எண்ணையும் அதே மூட்டையை வாங்குபவரின் ஆய்வகம் வேறோர் எண்ணையும் சொன்னால் வியாபாரம் எப்படி நடக்கும்? இருவரும் ஒரே முறையில் அளந்தாக வேண்டும். அந்த முறையை இருவருக்கும் பொதுவான யாரோ வகுத்துத் தரவும் வேண்டும். சங்கம் தொகுத்து வெளியிடும் ஆய்வுமுறைகள் இந்தத் தேவைக்குத்தான் இன்றுவரை பயன்பட்டு வருகின்றன.

இதில் அப்படி என்ன கடினம் என்று கேட்பவர்களுக்காக, பீரின் கசப்பை அளக்கும் முறையைச் சொல்கிறேன். 10 மில்லி பீரை ஒரு குழாயில் எடுத்து, 1 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 20 மில்லி ஐசோஆக்டேன் என்னும் கரைப்பானும் சேர்த்து, நுரையை அடக்க ஆக்டனால் ஒரே ஒரு சிறு துளி விட்டு, கால் மணி நேரம் குலுக்குகிறோம். பீருக்குக் கசப்பு தரச் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களிலிருந்து வந்த கசப்புப் பொருள்கள் பீரை விட்டு ஐசோஆக்டேனுக்குள் இறங்கிவிடும். தெளிந்து மேலே நிற்கும் அந்த அடுக்கை எடுத்து, 275 நானோமீட்டரில் அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து, வந்த எண்ணை 50ஆல் பெருக்குகிறோம். 0.400 வந்தால் கசப்பு 20 அலகு. படிக்கும்போது சமையல் குறிப்பைவிட எளிதாகத் தோன்றும். ஆனால் 50ஆல் பெருக்கும்போது பிழையும் ஐம்பது மடங்காகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகம் முதன்முறையாக ஒரு கூட்டுச் சோதனையில் கலந்துகொண்டது. ஒரே பீரைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். பாட்டிலில் பெயர் இருக்காது, குறியீட்டு எண் மட்டுமே இருக்கும். ஒவ்வோர் ஆய்வகமும் சொல்லப்பட்ட முறைப்படி அளந்து முடிவை அனுப்ப வேண்டும். எங்கள் எண்கள் எல்லாப் பாட்டில்களுக்கும் மற்றவர்களுடையதைவிட இரண்டு மூன்று அலகு கூடுதலாகவே இருந்தன. 'எங்கள் எண்கள்தாம் சரி, மற்றவர்கள் குறைத்து அளந்திருப்பார்கள்' என்று மிகுந்த தன்னம்பிக்கையோடு பதில் எழுதினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சோதனைக்கான சங்கத் துணைக்குழுவை நடத்தியவர் எங்களோடு சந்தையில் போட்டியிடும் ஓர் ஆலையில் வேலை பார்ப்பவர். பகல் முழுவதும் தம் ஆலை வேலையைப் பார்த்துவிட்டு, இரவில் உட்கார்ந்து எனக்குப் பதில் எழுதினார். அதில் வாதம் எதுவும் இல்லை, ஒரு கேள்விதான் இருந்தது: 'உங்கள் குழாய்களின் மூடி எதனால் ஆனது?'

மூடியின் உட்புறத்தில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருந்தது. பீர் இல்லாமல் வெறும் ஐசோஆக்டேனை மட்டும் அதே குழாயில் ஊற்றிக் குலுக்கிப் பார்த்தோம், 0.05க்கு மேல் காட்டியது. கசப்பு என்று நாங்கள் எழுதிவந்ததில் இரண்டரை அலகு ரப்பருடையது. எத்தனை ஆண்டுகளாக அப்படி எழுதிக்கொண்டிருந்தோமோ! போட்டி ஆலைக்காரர் ஒருவர், தமக்கு ஒரு காசு ஆதாயமில்லாத வேலையில், எங்கள் அறிக்கையைத் திருத்திக் கொடுத்தார்.

சங்கத்தின் பொறுப்பில் இருப்போருக்குச் சொல்லும் நன்றி வேறு வகையானது. ஒரு துணைக்குழு ஓராண்டு உழைத்து, பாட்டில்களை அனுப்பி, முடிவுகளைத் திரட்டிக் கணக்கிட்டுப் பார்க்கிறது. ஓர் ஆய்வகம் தன் முடிவையே மறுபடி எட்டுகிறதா, ஓர் ஆய்வகத்தின் முடிவை இன்னோர் ஆய்வகம் எட்டுகிறதா என்பவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்கும் முறைகள் உண்டு. அப்போது, 'இந்த முறையை ஏற்க வேண்டாம்' என்று பரிந்துரைப்பதற்கும், பொறுப்பில் இருப்போர் அதை ஏற்பதற்கும் துணிவு வேண்டும். பாராட்டு விழாக்களில் யாரும் நிராகரிக்கப்பட்ட முறைகளைக் குறிப்பிடுவதில்லை. ஆனால் ஒரு தொகுப்பை நம்புவதற்குரியதாக ஆக்குவது அதில் இடம்பெறாமல் போனவையும்தான் என்பது என் கருத்து.

இந்தத் தொழில் எப்போதும் இப்படித் திறந்த மனத்தோடு இருந்ததில்லை. சிறிய மாதிரிகளை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது எப்படி என்பதற்கு வழிகாட்டிய கட்டுரையை 1908இல் எழுதிய வில்லியம் கோசெட், கின்னஸ் ஆலையின் ஊழியர். தொழில் ரகசியத்தில் ஆலை காட்டிய கண்டிப்பால், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில்தான் அவர் அதை வெளியிட்டார். மருந்துச் சோதனை முதல் விளைச்சல் ஆய்வுவரை இன்று பயன்படும் டி-சோதனைக்கு அதனால்தான் 'ஸ்டூடன்டின் டி-சோதனை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மறுபக்கம், டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகம் கண்டுபிடிப்புகளை மறைத்துவைக்கக் கூடாது என்ற விதியோடு நடந்தது. உணவுப்பொருளின் நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிட உதவும் கெல்டால் முறை 1883இலும், அமிலத்தன்மையைக் காட்டும் சோரன்சனின் பிஎச் அளவுகோல் 1909இலும் அங்கிருந்துதான் உலகுக்குக் கிடைத்தன. பால் முதல் குடிநீர்வரை சோதிப்பவர்கள் யாராயினும், பீர் ஆலைகளில் பிறந்த இந்த முறைகளுக்குக் கொஞ்சமேனும் கடன்பட்டவர்களே. நான் நன்றி சொல்லும் தன்னார்வலர்கள் கார்ல்ஸ்பெர்க்கின் வழியில் வந்தவர்கள். ஸ்டூடன்டைப் போல இவர்களுடைய பெயரும் வெளியே தெரிவதில்லை. ஆனால் மறைத்தது யாருமில்லை, நாம் கேட்காததுதான் காரணம்.

எல்லாவற்றையும் இவர்கள் தீர்த்துவிட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். பீரின் நிறத்தை அமெரிக்க முறையில் அளந்தால் 5 என்றும் ஐரோப்பிய முறையில் அளந்தால் 10 என்றும் வரும். இரண்டும் 430 நானோமீட்டரில் எடுத்த ஒரே அளவுதான். பெருக்கும் எண் மட்டுமே வேறு. புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. ஆயினும் சுவைக்கான சொற்களில் இரு கரைகளும் ஒத்துப்போயின. பீர்ச் சுவை ஆய்வாளர் மோர்டன் மெயில்கார்டும் உடனுழைத்தோரும் 1970களில் உருவாக்கிய, சுவைகளையும் வாடைகளையும் வட்டமாக வகைப்படுத்தும் சுவைச் சக்கரத்தை அமெரிக்கச் சங்கங்களும் ஐரோப்பிய அமைப்பும் சேர்ந்தே ஏற்றன. வெண்ணெய் வாடை, வேகவைத்த மக்காச்சோள வாடை, நனைந்த அட்டை வாடை என்று ஒருவர் சொன்னால் உலகின் மறுகோடியில் உள்ளவருக்கும் அது எந்தக் குறை என்று இன்று புரிகிறது.

இத்தனை ஆண்டுகள் இவர்கள் வகுத்த முறைகளைப் பயன்படுத்தி ஊதியம் வாங்கிய நான், நடுவில் ஒருமுறைகூட எழுந்து நின்று நன்றி சொன்னதில்லை. பொறுப்புக்காலம் முடிந்து இறங்குவோருக்கும், அந்த இடத்தில் வந்து அமர்வோருக்கும், மூடியைப் பற்றிக் கேட்ட அந்த நண்பருக்கும் என் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டுச் சோதனைக்கு எங்கள் ஆய்வகத்தின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். டெஃப்ளான் உள்மூடி போட்ட புதிய குழாய்களும் வந்து சேர்ந்துவிட்டன.

இப்படிக்கு,
பீர் ஆலை ஆய்வகப் பணியாளர் ஒருவர்