அகராதியில் ஏறினால் ஆங்கிலம் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ‘இந்த ஆண்டின் சொல்’ என்று ஒன்றை அறிவிக்கும்போதெல்லாம் நாளிதழ்கள் அதைக் கட்டம் கட்டிப் போடுகின்றன. 2023ல் ‘ரிஸ்’ (பிறரைக் கவரும் திறமை), 2024ல் ‘பிரெயின் ராட்’ (கண்டதையும் இணையத்தில் பார்த்து மூளை மழுங்குவது). கேம்பிரிட்ஜ் அகராதியோ 2025ல் இளசுகளின் இணையப் பேச்சில் புழங்கும் ‘ஸ்கிபிடி’யையும் ‘டெலூலூ’வையும் சேர்த்துக்கொண்டது. மறுநாள் வகுப்பில் கேள்வி தயாராக இருக்கும்: “அகராதியிலயே வந்தாச்சே சார், எழுதினா மார்க் குறைப்பீங்களா?” தெருப்பேச்சு எப்போது ஆங்கிலம் ஆகிறது என்பது நியாயமான கேள்வி. அதற்கு அகராதியைச் சாட்சிக்கு இழுப்பதில்தான் கோளாறு.

ஆண்டின் சொல் ஒரு பரிசு. பரிசு பெற்ற சொல் அகராதிக்குள் வந்தாக வேண்டும் என்றுகூட விதி கிடையாது. அகராதியில் ஏறுவது வெறும் பதிவு, பஞ்சாயத்தில் பிறப்பைப் பதிவதுபோல. பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பதிவேடு சொல்லாது. ஆக்ஸ்போர்டின் பெரிய அகராதி ஒருமுறை ஏற்றிய சொல்லை நீக்குவதும் இல்லை. வழக்கொழிந்தாலும் உள்ளேயே கிடக்கும். நம் ‘ஐயோ’ 2016ல் அதில் ஏறியது. அதற்காக வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதத்தை யாரும் ஐயோ என்று தொடங்குவதில்லை, தொடங்க எவ்வளவு காரணம் இருந்தாலும்.

தெருவிலிருந்து வந்து நிஜமாகவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட சொற்களைப் பார்க்க வேண்டுமா? சட்டப் புத்தகத்தைத் திறக்கலாம். எங்கள் பாலக்காட்டிலிருந்து வாளையாறு எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டம், 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். ரயில்பெட்டி போல நீளும் அதன் ஆங்கிலப் பெயரில் ‘பூட்லெக்கர்’ இருக்கிறது, ‘ஸ்லம்’ இருக்கிறது. முன்னது அமெரிக்கக் கொச்சை: முழங்கால்வரை வரும் பூட்ஸுக்குள் சாராயப் புட்டியைச் செருகிக்கொண்டு போய் விற்றவன். பின்னது திருடர் பாஷை. ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஜேம்ஸ் ஹார்டி வோக்ஸ் என்ற கைதி 1812ல் தொகுத்த சொற்பட்டியலில் ‘ஸ்லம்’ என்றால் ஓர் அறை, அவ்வளவுதான். பிறகு அது சந்தானது, பிறகு ஏழைகள் நெருக்கியடித்து வாழும் பகுதியானது. கடைசியில் குடிசை மாற்று வாரியத்தின் ஆங்கிலப் பெயர்ப்பலகையில் 1970லிருந்து 2021ல் பெயர் மாற்றும்வரை இருந்தது. இந்தப் பக்கம் கேரளத்தில் 2007ஆம் ஆண்டுச் சமூகவிரோதச் செயல் தடுப்புச் சட்டம், எல்லார் வாயிலும் ‘காப்பா’. ‘அறியப்பட்ட ரவுடி’ என்றால் யார் என்று அது பிரிவு போட்டு வரையறுக்கிறது. ‘ரவுடி’ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் காட்டுப்புறத்து முரடர்களைக் குறித்த சொல். இன்று அதை ஆங்கிலம் என்று நினைத்துச் சொல்பவர் யார்?

ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. பின்னாளில் ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1710ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு இதே விஷயமாக ஒரு கடிதம் எழுதினார். சொற்களின் முதல் அசையை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிகிறார்கள் என்பது அவர் புகார். ‘மாப்’, ‘ரெப்’, ‘பாஸ்’, ‘ஃபிஸ்’ என்று குற்றப்பட்டியலும் கொடுத்தார். ‘மாப்’ என்பது நிலைகொள்ளாத ஜனக்கூட்டம் என்று பொருள்படும் லத்தீன் தொடரின் தலைப்பகுதி. அதைத் தடுக்கப் பல ஆண்டு பாடுபட்டும் எதிராளிகளின் எண்ணிக்கை தன்னை அமுக்கிவிட்டது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். 2018 ஜூலையில், கும்பல் கொலைகள் பற்றிய வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் அந்த ‘மாப்’ பெற்ற பிள்ளையான ‘மாபோகிரசி’யை (கும்பலாட்சி) தீர்ப்பிலேயே எழுதியது. ‘பாசிட்டிவ்’ என்பதைக் கத்தரித்த ‘பாஸ்’ எங்கே போனதென்று தெரியாது.

காரணம் இப்படி இருக்கலாம். தமிழில் கூட்டம் வேறு, கும்பல் வேறு. ஆங்கிலத்தில் அந்தக் கும்பலைச் சொல்ல ‘ராபிள்’ என்ற பழைய சொல் இருந்தாலும், ‘மாப்’ தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டது. ‘பாஸ்’ செய்த வேலையை முழுச் சொல்லே செய்துகொண்டிருந்தது. தனக்கென்று இடம் கிடைத்த விதை முளைக்கும். வெறும் பவிசுக்காகச் சொல்லப்படும் சொல்லோ அப்பா வாயில் வந்த அன்றே பிள்ளைகளுக்குக் கசந்துவிடும். ‘கூல்’ ஒரு விதிவிலக்கு. ஜாஸ் இசைக்காரர்கள் காலத்திலிருந்து தாக்குப்பிடிக்கிறது, ஆனாலும் கொச்சை வாசனை போகவில்லை.

ஒரு சொல் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். மாணவர்களுக்கான ஆக்ஸ்போர்டு அல்லது கேம்பிரிட்ஜ் அகராதியை எடுத்து, பொருளுக்கு முன்னால் சின்னதாக என்ன குறிப்பு இருக்கிறது என்று பாருங்கள். ‘ஸ்லாங்’, அதாவது கொச்சை, என்றிருந்தால் கூட்டாளிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘இன்ஃபார்மல்’ என்றால் பேச்சுக்கும் வாட்ஸாப்புக்கும் ஆகும், விண்ணப்பத்துக்கு ஆகாது. ஒன்றுமே இல்லையென்றால் தயங்காமல் எழுதலாம். ‘மாப்’, ‘ஸ்லம்’ இரண்டுக்கும் அவற்றின் முதன்மைப் பொருளில் ‘ஸ்லாங்’, ‘இன்ஃபார்மல்’ என்ற குறிப்பு கிடையாது. குறிப்பு சொல்லுக்கு அல்ல, பொருளுக்கு என்பதையும் கவனிக்க வேண்டும்: ‘கிட்’ ஆட்டுக்குட்டியானால் சுத்தமான ஆங்கிலம், குழந்தையானால் இன்ஃபார்மல். போனில் இருக்கும் இலவச ஆங்கிலம்–தமிழ் செயலிகள் பலவற்றில் இந்தக் குறிப்பே காணாமல் போய்விடுகிறது. ‘காப்’ என்று தட்டினால் ‘காவலர்’ என்று வருகிறது. மாணவன் அதை அப்படியே எஸ்.ஐ.க்கு எழுதும் புகார்க் கடிதத்தில் போடுகிறான்.

அதைவிட மோசம் ‘கன்னா’, ‘வான்னா’. இவை தனிச் சொற்களே அல்ல. ‘கோயிங் டு’, ‘வான்ட் டு’ என்று வேகமாகப் பேசும்போது வாயில் நசுங்கும் ஓசை. ‘டு’ ஏற்கெனவே உள்ளே அடங்கிவிட்டது. அது தெரியாமல் ‘ஐ ஆம் கன்னா டு ரைட்’ என்று எழுதி ‘டு’வை இரட்டிப்பாக்குகிறார்கள். இனிமேல் செய்யப்போவதைச் சொல்லும்போதுதான் ‘கோயிங் டு’ நசுங்கும், ஊருக்குப் போவதைச் சொல்லும்போது நசுங்காது. ஆகவே ‘ஐ ஆம் கன்னா பாலக்காடு’ என்பதைத் தெருவில் நிற்கும் ஆங்கிலேயன்கூடச் சொல்லமாட்டான். ‘ஹி வான்னா’வும் இடறும், அங்கே வரவேண்டியது ‘வான்ட்ஸ் டு’. கொச்சைக்கும் இலக்கணம் உண்டு. அதைக் கேட்டுப் பழகாமல் எழுத்தில் பார்த்துப் படித்தவனுக்கு அது பிடிபடாது.

நம் பிள்ளைகளுக்கு இந்த நிதானம் புதிதல்ல. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்ப் பேச்சுக்கு நடுவே ‘பிரமாதம்’ என்பதற்கான மலையாளக் கொச்சை ‘அடிபொளி’ தாராளமாக விழும். வில்லேஜ் ஆபீசருக்கு வருமானச் சான்றிதழ் கேட்டு எழுதும்போது யாரும் சொல்லாமலே அது பேனாவில் இறங்குவதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அகராதியில் புதுச்சொல் சேர்ந்த செய்தியைப் போடும்போது, அதன் பக்கத்தில் அகராதி என்ன குறிப்புப் போட்டிருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ‘ஸ்லாங்’ என்ற அந்த ஒற்றைச் சொல் கட்டத்துக்குள் தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.