ஆண்டறிக்கை: நந்தனாரோடு ஓர் ஆண்டு

தலைவர், செயற்குழு உறுப்பினர்கள், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் இசை இலக்கிய வட்டத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமாக மாதம் ஒரு தலைப்பு எடுப்போம். இந்த முறை ஆண்டு முழுவதும் திருநாளைப்போவார் என்ற சிவனடியார் நந்தனாரின் கதை ஒன்றுதான். முதலில் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அவரைப் பற்றிய 37 பாடல்கள், அப்புறம் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள்.

சேக்கிழார் காட்டும் நந்தனார் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். கோயில் இசைக்கே தோலும் நரம்பும் தந்தவர் வாசலுக்கு வெளியே நின்றுதான் பாடி ஆட முடிந்தது. அந்தப் பாட்டைப் படித்த கையோடு, மிருதங்கம் செய்யும் தொழிலாளி ஒருவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்தோம். பசுத்தோல் எங்கே, ஆட்டுத்தோல் எங்கே, வாருக்கு ஏன் எருமைத்தோல் என்று அவர் தொட்டுக் காட்டினார். இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான் என்பேன்.

கீர்த்தனைகளுக்கு வந்தபோது விவாதம் சூடானது. சிதம்பரம் போகவிடாமல் நந்தனாரைத் தடுக்கும் பண்ணையார் வேதியர் சேக்கிழாரிடம் இல்லை. அவர் கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்த பாத்திரம். அந்த வேதியர் வாயில் வரும் சாதி வசவுகளைப் பாடுவதா, விடுவதா? கேட்கவே வலிக்கிறது என்றார்கள் சிலர். விட்டுவிட்டால் நந்தனார் எதைத் தாங்கினார் என்பதே தெரியாது என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், அந்த வரிகளை ராகத்தில் பாடி ரசிக்க வேண்டாம், வசனமாக வாசிப்போம் என்று முடிவானது. சரியான முடிவு. அதைக் கேட்ட பிறகு மாஞ்சி ராகத்தில் ‘வருகலாமோ’ பாடியபோது, அது பக்தியின் குழைவாக மட்டும் கேட்கவில்லை. உள்ளே வர அனுமதி கேட்க வேண்டிய நிலையில் ஒரு மனிதனை நிறுத்தியவர்கள் யார் என்ற கேள்வியும் அதில் இருந்தது. பாடி முடித்ததும் அரங்கில் யாரும் கைதட்டவில்லை.

வெளியே நின்ற நந்தனாருக்குச் சிவனை மறைத்த திருப்புன்கூர் நந்தியை விலகச் சொல்லும் பூர்விகல்யாணி ராகப் பாட்டை இளைய உறுப்பினர்கள் பாடினார்கள். இன்னும் பயிற்சி வேண்டும், ஆனால் பொருள் உணர்ந்து பாடினார்கள்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கண வழுக்கள் இருப்பதாகச் சொல்லி நந்தனார் சரித்திரக் கீர்த்தனை நூலுக்குச் சாற்றுகவி (பாராட்டுப் பாடல்) தரத் தயங்கியதையும், பாரதியார் திண்ணையில் பாடக் கேட்டு உருகிப் பிறகு தந்ததையும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். அதையும் ஒரு கூட்டத்தில் வாசித்தோம். இலக்கியம் மட்டுமே படித்துவந்த நம் உறுப்பினர்கள் பலர் பாடவும் அமர்ந்தது அதற்குப் பிறகுதான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும், தம்பூரா கொடுத்து உதவியவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்குச் சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைக் கம்பனோடு சேர்த்துப் படிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்